கழற்றிப் போட்ட சைக்கிள்

கடைக்கார அண்ணன் அரை மணி நேரத்தில் அப்பாவின் சைக்கிளை மொத்தமாகக் கழற்றி, ஒரு கோணிச் சாக்கின் மேல் பரப்பிவிட்டார்.

ரிம், செயின், பெடல், மட்கார்டு. ஒரு தகர டப்பாவில் மண்ணெண்ணெய், அதற்குள் மிளகு மாதிரி பால்ரஸ்கள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். இதில் அப்பாவின் சைக்கிள் எது?

பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் கேட்டதும் இதைத்தான். தேரில் வந்தாயே, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்திருக்கும்போது நாம் வைக்கிற பெயர் தேர், 'நாகசேனன்' என்பதும் அப்படித்தான் என்றார்.

நீ இல்லவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. பலரும் தவறாகப் பிடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குப் புத்தர் சொன்னது இன்னும் நேரடியானது. இந்த உடல் 'நான்' என்றால், இப்படி இரு என்று நான் சொன்னபடி அது இருக்க வேண்டுமே? உணர்ச்சி, நினைவு, எண்ணம் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்.

"அப்பாவுக்கு நீ என்ன செஞ்சே?" என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டதிலிருந்து இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அந்த வார்த்தை யார் மேல் விழுந்தது என்று கடையிலேயே நின்று தேடினேன். தொண்டையில் ஒரு இறுக்கம் இருந்தது, மார்பில் சூடு, அப்புறம் ஆஸ்பத்திரி வராண்டாவின் நினைவு. அவற்றுக்குப் பின்னால் அடிபட்ட ஆள் என்று தனியாக யாரும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் எல்லாவற்றையும் பூட்டி, சரிபார்க்க ஒருமுறை பெல்லை அடித்தார்.

அப்பா தெருமுனை திரும்பும்போது கேட்கிற அதே சத்தம்.