மஞ்சள் கல்லும் மழைத் தண்ணீரும்: ஜெய்சல்மேர் நாட்குறிப்பு

ஜனவரி 20, 2025, திங்கள்

"கோட்டைக்குள்ளேயா, வெளியிலேயா?" ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு வருகிற எல்லோரும் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் பழைய வீடுகள் பலவற்றை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கொத்தளம், எட்டிப் பார்த்தால் கீழே ஊர். அங்கே தங்க யாருக்குத்தான் ஆசை வராது? நாங்கள் வெளியில்தான் அறை எடுத்திருந்தோம். காரணத்தை நாளை கோட்டையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குளிர் நடுக்கியது. அம்மா இரண்டு ஸ்வெட்டரும் அதற்கு மேல் ஒரு சால்வையுமாக மொட்டை மாடிக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால் மலையை வளைத்து நிற்கும் மதில் முழுசாகத் தெரிகிறது. 76 மீட்டர் உயரமுள்ள திரிகூட மலை, அதைச் சுற்றி 99 கொத்தளங்கள். 1156-இல் ராவல் ஜைசல் என்ற பட்டி ராஜபுத்திர அரசர் பக்கத்தில் இருந்த லோத்ருவாவை விட்டுவிட்டு இங்கே தலைநகரை அமைத்தார். சூரியன் ஏறும்போது மதிலின் கல் பழுப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்து, ஒரு கட்டத்தில் உண்மையிலேயே பொன்னாகிவிட்டது. அம்மா காபியை ஆறவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இந்த ஊரில் சராசரியாக வருஷத்துக்கு 20 செ.மீ. மழை பெய்தாலே பெரிது. அதனால் ஊரைத் தண்ணீரிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்று மதியம் கடீசர் ஏரிக்குப் போனோம். 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சிங் என்ற அரசர் காலத்தில் இதற்கு இன்றைய உருவம் வந்தது. ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் விழுகிற மழை சரிந்து வந்து இங்கே சேரவேண்டும். அந்த நீர்ப்பிடிப்பு நிலத்தை அசுத்தம் செய்யாமல் காப்பது எல்லோருக்கும் பொதுவான கடமை. பல நூற்றாண்டுகள் ஊர் முழுக்க இந்தத் தண்ணீரைத்தான் குடித்தது.

கரையில் நின்று அம்மா கோட்டையைத் திரும்பிப் பார்த்தார். "இங்கேர்ந்து குடத்தைத் தூக்கிக்கிட்டு அந்த மலை ஏறுவாங்களா?" என்றார். ஆமாம், ஏறினார்கள். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது, அப்புறம் ஏற்றம்.

ஏரிக்குள் நுழையும் வாசலுக்குத் திலோன் என்ற தாசியின் பெயர். அவள் கட்டிய வாசல் வழியாக அரசர் போவதா என்று எதிர்ப்பு வந்ததாம். இடித்துவிடாமல் இருக்க அவள் மேலே ஒரு கிருஷ்ணர் சன்னதியை வைத்துவிட்டாளாம். கதைதான். ஆனால் வாசல் நிற்கிறது, பெயரும் நிற்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

படித்துறையில் ரொட்டித் துண்டு போட்டால் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். இன்று ஏரி நிறைந்திருப்பதற்கு மழை மட்டும் காரணமில்லை. பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகேயில் தொடங்கும் இந்திரா காந்தி கால்வாயின் தண்ணீர் இங்கே வருகிறது. 1958-இல் வேலை தொடங்கிய கால்வாய் அது. பிரதான வாய்க்கால் மட்டும் 445 கி.மீ.

ஜனவரி 21, செவ்வாய்

ஜைனக் கோயில்களுக்குள் மற்றவர்களை அனுமதிப்பது காலையில்தான். அதனால் சீக்கிரமே கிளம்பிவிட்டோம். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாசல்கள் தாண்டவேண்டும். வாசலுக்கு வாசல் பாதை சட்டென்று திரும்புகிறது. யானையோ படையோ வேகமெடுத்து வந்து மோத இடம் கொடுக்காத திருப்பங்கள். மதில் விளிம்பில் உருண்டையான பெரிய கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஏறிவருகிற எதிரிமேல் உருட்டிவிட வைத்தவை இன்றும் இடம் மாறவில்லை. ஹவா போலின் நிழலில் மட்டும் எப்போதும் காற்று. தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள், தெருவை அடைத்துப் படுத்திருக்கும் மாடு, மாவு மெஷின் சத்தம். வீட்டுச் சுவரில் வண்ணப் பிள்ளையார் படம், பக்கத்தில் மணமகன், மணமகள் பெயரும் தேதியும். இங்கே கல்யாணப் பத்திரிகையைச் சுவரிலேயே எழுதிவிடுகிறார்கள். கல்யாணம் முடிந்த பிறகும் அழிப்பதில்லை. ஒரு சந்தில் பழையது வெளுத்துப்போய் அதன் பக்கத்தில் புதியது: அண்ணனுக்கும் தம்பிக்கும் என்று வீட்டு வாசலில் நின்ற பெண் சொன்னார்.

பார்சுவநாதர் கோயிலின் தோரணத்துக்கு முன்னால் அம்மா நகரவே இல்லை. ஏழு கோயில்கள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன, பெரும்பாலும் 15, 16-ஆம் நூற்றாண்டு வேலை. கூரையிலிருந்து தொங்கும் கல் தாமரையின் இதழ் ஓரம் ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெல்லிசு. சம்பவநாதர் கோயிலின் கீழே இருப்பது ஞான பண்டாரம். ஜினபத்ர சூரி என்ற ஜைன ஆசாரியர் 15-ஆம் நூற்றாண்டில் ஓலைச் சுவடிகளைச் சேர்த்துவைத்த நிலவறை. பாலைவனத்தின் வறண்ட காற்றுக்கு ஈரமும் பூஞ்சையும் அண்டாது. சுவடி பிழைத்தது அதனால்தான்.

சரி, நேற்று விட்ட காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கோட்டை மலை ஒரே பாறை இல்லை. மணற்கல்லுக்கு இடையில் களிமண்ணும் களிப்பாறையும் உண்டு. தலையில் சுமந்து வந்த குடத்தண்ணீரில் புழங்கிய காலத்தில் அது பிரச்சினையாகவே இல்லை. ஒரு சொட்டும் வீணாக்கமாட்டார்கள், கழிவுநீரும் குறைவு. குழாய் வந்தது. பிறகு விருந்தினருக்கு அறைக்கு அறை குளியலறை வந்தது. பழைய வடிகால்கள் தாங்காமல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, களிமண் ஊறி, மேலே நிற்கும் மதிலின் அடி நெகிழ்கிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-லேயே இதை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளோடு யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்தது. அப்படியும் போன ஆகஸ்ட் மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது.

உள்ளே இருப்பவர்களைக் காலி செய்யச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. தலைமுறை தலைமுறையாக இருக்கிறவர்கள், அவர்கள் இல்லாவிட்டால் இது வெறும் கல். ஆனால் வந்து போகிற நமக்கு அங்கே ஒரு ஷவர் அவசியமா? பகலெல்லாம் உள்ளே சுற்றுங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், அங்கேயே பொருள் வாங்குங்கள், ராத்திரி கீழே வந்து தூங்குங்கள். இந்த நாட்குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் அப்படிச் செய்தாலும் எனக்குச் சந்தோஷம்.

ஜனவரி 22, புதன்

ஹவேலிகள், அதாவது பழைய மாளிகைகள். பட்வா ஹவேலி என்பது ஒரு வீடு இல்லை, ஐந்து வீடு. ஜரிகை வியாபாரமும் வட்டித்தொழிலும் செய்த குமான் சந்த் பட்வா தன் ஐந்து மகன்களுக்காகக் கட்டத் தொடங்கினார்; முதல் வீடு 1805. குறுகிய தெருவில் நின்று அண்ணாந்தால் மாடம் மாடமாக முன்னால் நீண்டு வானத்தையே மறைக்கிறது. ஜன்னல் சல்லடைகளின் வழியே காற்று நுழையும், வெயில் நுழையாது. அடியில் போய்ப் பார்த்தேன்: கல்லில் காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கிறார்கள், சில மூட்டுகளில் இரும்புப் பட்டை. சாந்து பூசவே இல்லை. தண்ணீர் குழைத்துக் கட்டுகிற வேலையே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள்.

நத்மல் ஹவேலி 1885-இல் முடிந்தது. ஹாத்தி, லாலு என்ற அண்ணன் தம்பி சிற்பிகள் ஆளுக்கொரு பாதியைச் செதுக்கியதாகச் சொல்கிறார்கள். இடதும் வலதும் ஒன்றாகத் தெரியும், உற்றுப் பார்த்தால் ஒரு பூவும் ஒத்துவராது. அம்மா அரைமணி நேரம் வித்தியாசம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

இத்தனை செல்வமும் ஒட்டக வணிகப் பாதையில் வந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர வளர வியாபாரம் கடல்வழிக்குப் போனது. 1947-இல் சிந்துப் பக்கம் எல்லைக்கோடு விழுந்ததும் மிச்சமிருந்த பாதையும் அடைபட்டது. வீடுகள் பூட்டிக் கிடந்தன.

ராத்திரி கம்பு ரொட்டியும் கேர் சாங்ரியும். சாங்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கிற வன்னியின் காய்தான். காயவைத்து வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கச் சமைக்கிறார்கள். புளிப்பும் எண்ணெயும் காரமுமாக, ஊறுகாய்க்கும் பொரியலுக்கும் நடுவில் ஒரு ருசி. அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ஜனவரி 23, வியாழன்

மணல்மேட்டுக்கு எல்லோரும் சாம் போகிறார்கள், 40 கி.மீ. அங்கே ராத்திரி கூடாரத்துக்குக் கூடாரம் ஸ்பீக்கர் சத்தம் என்று கேள்விப்பட்டு நாங்கள் தெற்கே கூடிக்குப் போனோம். வழியில் பாலைவன தேசியப் பூங்காவின் எல்லை வருகிறது. சிங்காரா மான்கள் நான்கைந்து ரோட்டைத் தாண்டின. கானமயில் (மயில் இல்லை, புல்வெளியில் வாழும் பெரிய பறவை) கண்ணில் படவில்லை. உலகத்தில் மிச்சமிருப்பதே சுமார் 150 இருக்கும், அதில் பெரும்பாலானவை இந்த மாவட்டத்தில்தான். கனத்த உடம்பு, முன்னால் இருப்பதைச் சரியாகக் கவனிக்காத பார்வை; மின்கம்பியில் மோதிச் செத்துப்போகின்றன. வழிநெடுக காற்றாலையும் கம்பியுமாகப் பார்த்துக்கொண்டே போனபோது மனசு கனத்தது. மின்சாரமும் வேண்டும்தான். கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோக முடிகிற இடத்திலாவது கொண்டுபோகட்டும்.

சாயங்காலம் மாங்கணியார் பாட்டு. இவர்கள் முஸ்லிம்கள். தங்களை ஆதரிக்கும் ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் பாடுவது பரம்பரைத் தொழில். அந்தக் குடும்பங்களின் வம்சாவளியையும் வாய்மொழியாகக் காப்பவர்கள் இவர்கள்தான். கிருஷ்ணர் மேலும் பாடினார்கள். பெரியவர் கையில் கமாய்சா. மாமரக் கட்டையைக் குடைந்து செய்த வட்டக் குடத்தின் மேல் ஆட்டுத்தோல், நரம்புத் தந்திகள். குளிரில் தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் அவசரப்படவே இல்லை, முறுக்கி முறுக்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். அம்மா தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதும் வில்லையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டார். "இப்ப எல்லாரும் ஹார்மோனியத்துக்குப் போயிட்டாங்க, அம்மாஜி" என்றார். பேரன் கர்த்தால் வாசித்தான். ஒரு கைக்கு இரண்டு வெறும் மரப்பட்டைகள், அவ்வளவுதான் வாத்தியம். அதில் அவன் எழுப்பிய தாளத்துக்கு நாங்கள் கை தட்டக்கூட மறந்துபோனோம். நிலா இல்லை, மேற்கே வெள்ளிக்கிரகம் மட்டும் கண்ணைப் பறித்தது.

ஜனவரி 24, வெள்ளி

குல்தரா. ஊரிலிருந்து சுமார் 18 கி.மீ. பாலிவால் பிராமணர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிட்டுப் போன கிராமம். திவான் சாலிம் சிங் ஒரு பெண்ணின் மேல் கண் வைத்ததால் 84 கிராமத்தாரும் ஒரே ராத்திரியில் கிளம்பிவிட்டார்கள் என்பது கதை. அவனுடைய வரிக்கொடுமையும் கிணறுகள் வற்றியதும் காரணமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்வது. வந்தவர்களுக்கோ பேய்க்கதைதான் வேண்டியிருக்கிறது. ராத்திரி இங்கே என்ன கேட்கும் என்று பையன்கள் வழிகாட்டியைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நேர்த்தியாகத் தெரு போட்டு வாழ்ந்தவர்களுக்கு இது நியாயமான நினைவு இல்லை.

பாலிவால்களை நினைக்க வேண்டியது அவர்கள் விட்டுப்போன கடீன் என்கிற மழைநீர் வயல்களால். டிரைவரிடம் கேட்டதும் அவரே பக்கத்தில் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். பாறைச் சரிவின் அடிவாரத்தில் நீளமாக ஒரு மண்கரை, ஓரத்தில் கலிங்கு. பார்த்தால் நம் ஊர்க் கண்மாய் போலவே இருக்கிறது, ஆனால் விவசாயம் கரைக்கு வெளியே இல்லை, உள்ளே. மழைக்காலத்தில் சரிவிலிருந்து ஓடிவரும் தண்ணீர் தேங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். நின்ற தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைக்கிறார்கள். அதற்கப்புறம் பாசனம் என்று ஒன்று கிடையாது. கூடவே வண்டலும் வந்து படிவதால் மண் வருஷா வருஷம் வளமாகிறது. பாலிவால்கள் 15-ஆம் நூற்றாண்டிலிருந்தே இப்படிப் பயிர் செய்ததாகச் சொல்கிறார்கள்.

கொண்டைக்கடலைச் செடி முழங்காலுக்குக் கீழே, பூவும் பிஞ்சுமாக. நான் செடியின் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே பொடிமண். இரண்டு விரற்கடை கீழே சில்லென்று ஈரம், உருட்டினால் உருண்டையாகிறது. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்ட பாலைவனத்தில், ஜனவரி கடைசியில்.

நிலத்துக்காரர் வந்தார். போன ஆகஸ்டில் கரை முட்ட நிறைந்ததாம், அவருக்கு நினைவு தெரிந்து அப்படி அடிக்கடி நிறைவதில்லையாம். கோட்டை மதிலைச் சரித்த அதே மழைதான். சொன்னேன். "மதில்ல தண்ணி நிக்கக் கூடாது, இங்க நிக்கணும்" என்றார். கால்வாய்த் தண்ணீர் வந்தபின் பலபேர் கடீன் கரைகளைக் கவனிப்பதை விட்டுவிட்டார்கள் என்றும், கலிங்குப் பக்கம் இரண்டு இடத்தில் கரை அரித்திருக்கிறது, அறுவடை முடிந்ததும் அண்ணன் தம்பிகள் சேர்ந்து மண் போடப்போகிறோம் என்றும் சொல்லி, அரித்த இடத்தைக் காட்ட முன்னால் நடந்தார். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.