பிஎம் 2.5 சாம்ப்ளர்: பத்து செய்வது வேறு, ஐந்நூறு செய்வது வேறு

காற்றிலிருக்கும் பிஎம் 2.5-ஐ, அதாவது 2.5 மைக்ரானும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவுமான நுண்துகளை, ஃபில்டரில் பிடித்து எடை போடும் சாம்ப்ளர் கருவியில் எலக்ட்ரானிக்ஸ்தான் கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். போர்டு, பேட்டரி, டிஸ்ப்ளே எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு சுற்று வந்தால் கிடைத்துவிடும். கருவியின் மானத்தைக் காப்பாற்றுவது நாசிலில், அதாவது காற்று பாயும் மூக்குப் பகுதியில், உள்ள சின்னத் துளை.

நிமிடத்துக்கு 5 லிட்டர் இழுக்கும் கருவி என்று வையுங்கள். 24 மணி நேரத்தில் 7.2 கன மீட்டர் காற்று. 2009-இல் வந்த தேசிய தர அளவுப்படி பிஎம் 2.5-க்கு ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். காற்று அந்த வரம்பில் இருந்தால் டெஃப்லான் ஃபில்டரில் சேர்வது 432 மைக்ரோகிராம், அரை மில்லிகிராம்கூட இல்லை. இதில் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும்.

துளையில் பாய்ந்த காற்று எதிரே உள்ள தட்டில் மோதித் திரும்பும். பெரிய துகள் திரும்ப முடியாமல் தட்டில் ஒட்டிக்கொள்ளும். சிறியது காற்றோடு ஃபில்டருக்குப் போகும். 5 லிட்டர் ஓட்டத்தில் 2.5 மைக்ரானில் பிரிய, துளை ஏறக்குறைய 2.63 மி.மீ. இருக்க வேண்டும். 0.1 மி.மீ. கூடினால் பிரியும் அளவு 2.64 மைக்ரானுக்கு நகர்ந்துவிடும். சாலைப் புழுதியும் கடல் உப்பும் பெரிய துகள்கள். சென்னையில் அவை கூடுதலாக உள்ளே வந்து எடையை ஏற்றிவிடும். தட்டில் மெல்லிய சிலிக்கான் கிரீஸ் பூசாவிட்டால் மோதிய துகள் துள்ளிப் போய் அதே தவறைச் செய்யும்.

முதல் பத்தை 3டி பிரிண்டரில் எடுக்கலாம். ஆனால் துளை சொன்ன அளவைவிடச் சிறிதாக வரும், ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட்டே தீர வேண்டும். பிரிண்டரில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். மே மாத மொட்டைமாடியில் கறுப்புப் பெட்டிக்கு அது ஆகாது. எண்ணிக்கை கூடும்போது அம்பத்தூர் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைவதே சரி. கடற்காற்றுக்கு வெறும் அலுமினியம் வெளுத்துப் பொரியும் என்பதால் அனோடைசிங் (மேற்பரப்பில் கெட்டியான ஆக்ஸைடு படலம் வளர்ப்பது) தேவை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 25 மைக்ரான் ஹார்டு அனோடைசிங்கில் பாதி வெளிப்பக்கமாக வளரும். துளையின் விட்டம் 0.025 மி.மீ. குறையும். டிராயிங்கில் ‘அளவு அனோடைசிங்குக்குப் பிறகு’ என்று எழுதுங்கள். வெர்னியரை நம்பாதீர்கள். துல்லியமான அளவில் செய்த கேஜ் பின்களை (ஊசிக் கம்பிகளை) விட்டுப் பாருங்கள்: 2.61 மி.மீ. பின் நுழைய வேண்டும், 2.65 மி.மீ. பின் நுழையக் கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் இந்தச் சோதனை, விதிவிலக்கே இல்லை.

அடுத்தது லீக். ஃபில்டருக்கும் ஃப்ளோ சென்சாருக்கும் நடுவே லீக் இருந்தால் டிஸ்ப்ளே 5.0 என்றே காட்டும். ஃபில்டர் வழியே போவது குறைவாக இருக்கும். நுழைவாயை மூடி பம்பை ஓட்டி, வெற்றிடம் பிடித்ததும் வால்வை அடைத்து அழுத்தம் நிற்கிறதா பாருங்கள். திறக்கும்போது மெதுவாகத் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஃபில்டர் கிழியும். ஃபில்டரே ஒரு சாட்சி: அழுக்கு வட்டத்தின் ஓரம் கூர்மையாக இருந்தால் காஸெட் (ஃபில்டரைப் பிடிக்கும் சட்டம்) நன்றாக இறுகியிருக்கிறது, ஓரம் கலங்கிப் பரவியிருந்தால் காற்று பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. அதற்காக அளவுக்கு மீறி முறுக்கினால் ஓரம் வெட்டுப்படும். கைப்பழக்கத்தை நம்பாமல் குறித்த முறுக்கோடு நின்றுவிடும் டார்க் டிரைவர் கொடுங்கள்.

பெரும்பாலான ஃப்ளோ சென்சார் காட்டுவது மாஸ் ஃப்ளோ, அதாவது காற்றின் நிறையை ஒரு குறித்த வெப்பநிலையின் லிட்டராக மாற்றிய கணக்கு. அதன் அடிப்படை 20 டிகிரி என்றால், 40 டிகிரி வெயிலில் உண்மையில் பாயும் காற்று 7 சதவீதம் அதிகம். நாசிலுக்கு உண்மை ஓட்டம்தான் கணக்கு. வெப்பமும் அழுத்தமும் அளந்து ஃபர்ம்வேரில் திருத்த வேண்டும். ரப்பர் சவ்வு அசைந்து இழுக்கும் டயாஃப்ரம் பம்பின் துடிப்பும் சென்சாரைக் குழப்பும். இரண்டுக்கும் நடுவே சின்னக் காற்றறை வையுங்கள்.

பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது போகி நாளை நினையுங்கள். புகை ஏற ஏற ஃபில்டர் அடைத்து, பம்பின் சுமை கூடும். சுத்தமான ஃபில்டரிலேயே முக்கால் வேகத்துக்கு மேல் ஓடும் பம்ப் வேண்டாம். பெஞ்சில் நீடில் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, ஓட்டம் எந்த வெற்றிடம் வரை 5 லிட்டரில் நிற்கிறது என்று ஒவ்வொரு பேட்சிலும் குறித்து வையுங்கள். பம்போ ஓ-ரிங்கோ சப்ளையர் மாறினால், அந்தப் பேட்சிலிருந்து சில கருவிகளை எடுத்து ரெஃபரன்ஸ் சாம்ப்ளர் (ஒப்பிட நம்பகமான கருவி) பக்கத்தில் 24 மணி நேரம் ஓட்டி, எடை ஒத்துப்போன பிறகே மற்றவற்றைப் பேக் செய்யுங்கள்.