“வீட்ட வந்திட்டன்”: ஒரு பயணப் பாதுகாப்புச் செயலியை வடிவமைத்த அனுபவம்

கொழும்பில் இருட்டிய பிறகு தனியாக ஓட்டோ ஏறும் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு பாதுகாப்பு முறை இருக்கிறது. ஏறுமுன் இலக்கத் தகட்டை ஒரு படம் எடுப்பார்கள். அது வட்ஸ்அப்பில் சிநேகிதிக்குப் போகும். கேற்றைத் திறந்து உள்ளே போனதும் “வீட்ட வந்திட்டன்” என்று ஒரு வரி. நானும் இரண்டு நண்பர்களும் தனிப்பயணத்துக்கான செயலி ஒன்றை வடிவமைக்கத் தொடங்கியபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதைத்த பெண்களில் பெரும்பாலானோர் இதையேதான் சொன்னார்கள். இரவு வேலை முடிந்து வரும் தாதி, ரியூசன் ரீச்சர், புறக்கோட்டைத் துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் அக்கா, யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்து போடிங்கில் இருக்கும் பிள்ளைகள் என்று எல்லாரும்.

நல்ல பழக்கம். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சிநேகிதி நித்திரையாகிவிட்டால், வராத செய்தியை யார் கவனிப்பது? போனைப் பறித்து அணைத்துவிட்டால் உதவி கேட்கவும் வழியில்லை. இந்த ஓட்டையை அடைக்கவே செயலி என்று முடிவெடுத்தோம்.

அதனால் முகப்பில் பெரிய சிவப்புப் பொத்தானை வைக்கவில்லை. அவசரப் பொத்தான் உள்ளே உண்டு, ஒரு தட்டில் வரும். ஆனால் புதிய போன்களிலேயே பவர் பட்டனை ஐந்து முறை அழுத்தினால் அவசர அழைப்பு வரும் வசதி இருக்கிறது, அதை நாங்கள் மறுபடி செய்வதில் பயனில்லை. எங்கள் முகப்பில் மூன்றே கேள்விகள்: எங்கே போகிறீர்கள், எதில் போகிறீர்கள், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவீர்கள். வாகன இலக்கத்தைப் படமாகச் சேர்க்கலாம். நேரம் கடந்தால் போன் மெதுவாக அதிரும். பத்து நிமிடம் வரை பதில் இல்லையென்றால், கடைசியாகத் தெரிந்த இடமும் வாகன இலக்கமும் நம்பிக்கையானவருக்குப் போகும். அனுப்புவது போன் அல்ல, இணையத்தில் எப்போதும் ஓடும் எங்கள் கணினியான சேர்வர். போன் அணைந்திருந்தாலும், உடைந்திருந்தாலும் செய்தி போய்ச் சேரும்.

காலி வீதி நெரிசலில் இது சும்மா சும்மா அலறினால் மூன்றாம் நாளே அழித்துவிடுவார்கள். ஆகவே “இன்னும் 20 நிமிடம்” என்று ஒரு பொத்தான். நிறுத்துவதற்கு நாலு இலக்கக் குறியீடு. அதோடு இரண்டாவதாக ஒரு குறியீடும் உண்டு: பக்கத்தில் நின்று “நிற்பாட்டு” என்று ஒருவன் மிரட்டினால் அதை அடிக்கலாம். திரையில் பயணம் முடிந்ததாகத் தெரியும், செய்தி அந்த நிமிடமே போய்விடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ‘நம்பிக்கையானவர்’ யார் என்ற கேள்வி. நாங்கள் நினைத்திருந்தது அம்மா, அண்ணா, கணவன். கதைத்த இளம் பெண்களில் பலர் தயங்கினார்கள். “அம்மாவுக்கு ஒருக்கால் அப்பிடி மெசேஜ் போனா, அதுக்குப் பிறகு என்னை வேலைக்கே விடமாட்டா அக்கா” என்றாள் ஒரு தங்கச்சி. எங்கள் வீடுகளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு உண்மை என்று விளங்கும். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு பெண்ணின் நடமாட்டத்தை இன்னொருவர் கையில் கொடுக்கும் செயலியைச் செய்ய எனக்கு மனமில்லை. அதனால் பயணிப்பவள் தொடங்கினால் மட்டுமே பகிர்வு தொடங்கும், முடித்ததும் முடியும். வேறு எவரும் தூரத்தில் இருந்து அதைத் திறக்க முடியாது. நேரம் தவறாத வரைக்கும் மற்றவருக்கு இடமும் தெரியாது, “பயணத்தில் இருக்கிறாள்” என்பது மட்டும் தெரியும்.

தொழில்நுட்பமும் இதற்கு இடம் கொடுத்தது. பயணத்தைத் தொடங்கும்போது செயலி திரையில் திறந்திருப்பதால், அன்ட்ரொய்ட்டில் ‘எப்போதும்’ என்ற இட அனுமதியைக் கேட்கத் தேவையில்லை. ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். அதற்குப் பதிலாக, பயணம் முடியும்வரை ஓர் அறிவித்தல் திரையின் மேலே நிற்க வேண்டும். அதில் ‘பாதுகாப்பு’ என்ற சொல் வேண்டாம் என்றார் தாதி அக்கா. பக்கத்து சீட்காரன் பார்த்துவிடுவானாம். இப்போது அது “பயணம் தொடர்கிறது” என்று மட்டும் சொல்கிறது. அன்ட்ரொய்ட் 12 முதல் துல்லியமான இடமா, உத்தேச இடமா என்று பயனரிடமே கேட்கப்படுகிறது. உத்தேச இடத்தை வைத்து ஒருவரைத் தேடிப் போக முடியாது. அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு வரி விளக்கம் எழுதிச் சேர்த்தோம்.

பரிசோதனைக்கு 101 பஸ்ஸில் வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டைக்குப் போய் வந்தோம். போன் கைப்பைக்குள், திரை அணைந்தபடி. ஒரு போனில் இடம் ஒழுங்காக வந்தது. இன்னொன்றில் பம்பலப்பிட்டியோடு நின்றுபோய், கோட்டையில் திரையைத் திறந்ததும் ஒரேயடியாகத் தாவியது. பற்றரியைச் சேமிக்கிறோம் என்று சில போன்கள் பின்னால் ஓடும் செயலிகளைக் கொன்றுவிடுகின்றன. அந்த வகைப் போனைக் கண்டால் பற்றரி அமைப்பை எங்கே மாற்றுவது என்று படத்தோடு காட்டும் பக்கம் ஒன்றைச் செய்தோம். ஆனாலும் முழுக்க நம்ப முடியாது. இடத்தோடு “கடைசியாகக் கிடைத்த நேரம் 8.42” என்று கட்டாயம் காட்டுவது அதனால்தான். பழைய இடத்தைப் புதிதென்று நம்பி ஓடுவது, இடமே தெரியாமல் இருப்பதை விட மோசம்.

டேட்டா இல்லாதபோது போனே எஸ்எம்எஸ் அனுப்பும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் எழுதினால், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் போவதால் 70 தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். “நான் ஆபத்தில் இருக்கிறேன்” என்பதே 25. கூகுள் வரைபட இணைப்பு, இடத்தை நாலு தசமதானத்தோடு எழுதினால், 41. இடைவெளி ஒன்று. மொத்தம் 67, ஒரே செய்திக்குள் அடங்கிவிட்டது. நாலு தசமதானம் என்றால் ஏறத்தாழ 11 மீற்றர். ஒரு ஒழுங்கையை அடையாளம் காண அது போதும். செய்தி சொந்த இலக்கத்தில் இருந்து போவதால் பெயர் தேவையில்லை. பெயரையும் சேர்த்திருந்தால் செய்தி இரண்டாகப் பிரியும், சிக்னல் மோசமான இடத்தில் இரண்டாவது பாதி பிந்தி வரலாம். பட்டன் போன் வைத்திருக்கும் அம்மம்மாவுக்கும் தமிழில் வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

சிங்களம் இன்னொரு முக்கியமான விஷயம். சாதாரண நாளில் சமாளிக்கிறவர்களுக்கும் பதற்றத்தில் வாய் வராது. அதற்காக ஒரு திரை: பெரிய சிங்கள எழுத்தில் “எனக்கு உதவி வேண்டும், தயவுசெய்து 119க்கு அழையுங்கள்”. கொண்டக்டரிடமோ பக்கத்தில் இருக்கும் பெண்ணிடமோ காட்டலாம். ஒரு சிங்களச் சிநேகிதி பேச்சு நடையில் எழுதித் தந்தாள். கீழே பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பெண்கள் உதவி இலக்கம் 1938. மூன்றும் சாதாரண அழைப்பு, இணையம் வேண்டாம்.

பஸ் நெரிசலில் உரசுபவனுக்கு இதில் எதுவும் உடனடி மருந்தில்லை. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் செய்த ஆய்வில், இலங்கையில் 90 வீதமான பெண்களும் சிறுமிகளும் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லையைச் சந்தித்திருக்கிறார்கள். பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. முறைப்பாடு செய்யத் துணியும்போது நாள், நேரம், பஸ் இலக்கம் மறந்து போயிருக்கும். ஆகவே ஒரு தட்டில் அவற்றைக் குறித்து வைக்கும் இடம் வைத்தோம். அந்தக் குறிப்பு போனில் மட்டும் இருக்கும், எங்களுக்கும் வராது. பயண இடங்கள் சேர்வரில் 24 மணித்தியாலத்தில் அழியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்த பிறகு, வைத்திருக்காத தரவை யாரும் கேட்க முடியாது என்ற முடிவுக்கு வந்தோம்.

இதைப் போல ஒன்று செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியைக் கூகுள் பிளே எல்லாச் செயலிகளுக்கும் விடாது. அவசரப் பாதுகாப்புக்கு விதிவிலக்கு உண்டு, தனிப் படிவத்தில் காரணம் காட்ட வேண்டும். அந்தப் பத்தியை முதலிலேயே எழுதி வையுங்கள். ஐபோனில் செயலி தானாக எஸ்எம்எஸ் அனுப்பவே முடியாது, பயனர் தானே அனுப்பு பொத்தானைத் தட்ட வேண்டும். அங்கே சேர்வர் வழி மட்டும்தான். எங்கள் அன்ட்ரொய்ட் பதிப்பு இப்போது நாங்கள் கதைத்த பெண்களின் போன்களில் ஓடுகிறது. அடுத்ததாக யாழ்ப்பாணத்துக்குப் போகும் இரவு பஸ்ஸில் பார்க்கப் போகிறோம், சிக்னல் விட்டு விட்டு வரும் அந்த நீண்ட பாதையில் மணிக்கூடு எப்படி நடக்கிறது என்று.