அப்பாவின் டயாலிசிஸும் அம்மாவின் முருகனும்

அப்பாவுக்குச் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததால், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரம் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது), ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். வீட்டில் மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெரிய பாடு சாப்பாடுதான். பொட்டாசியம் ஏறக் கூடாது என்று, உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அம்மா சமைக்கிறார். இளநீர், வாழைப்பழம் எதுவும் கிடையாது. அதனால் கோயில் பிரசாதம் வந்தால் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். "முருகன் குடுத்ததுலயுமா பொட்டாசியம்?" என்பார் அப்பா. அம்மா அவர் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, பழத்தை என் கையில் திணித்துவிடுவார். (எடை கூடியது எனக்குத்தான்.)

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அப்பாவின் இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் விளக்கேற்றியதும் அம்மா அதைத்தான் தொட்டுப் பார்ப்பார். "ஓடுதுங்க" என்று சொன்ன பிறகுதான் சாமி முன்னால் உட்காருவார்.

கீழ்மாடி மலாய் மாச்சிக் (மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி), தொழுகையில் அப்பாவுக்கும் துஆ கேட்பதாகச் சொல்கிறார். அதில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பேன் என்று அப்பா அடம். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது. இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் இருந்து நான் எடுத்து வருவது, அவர் டேங்க் ரோடு முருகன் கோயிலில் காத்திருப்பது என்று ஒருவழியாகப் பேசி முடித்திருக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்பினால் கூட்டம் குறைவு? எடுத்தவர்கள் சொல்லுங்கள்.