பாவை விளக்கின் சுண்டுவிரல்

தக்கலை அருகே ஒரு பழைய நாலுகட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள், வெண்கலச் சாமான்களை விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சாமான்கள் வைக்கும் அறைப்புரையின் மூலையில் இரண்டடி உயரப் பாவை விளக்கு. கொண்டை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அகலேந்திய கைகளில் வலது சுண்டுவிரல் இல்லை. பார்த்த கணமே ஆசை வந்துவிட்டது. ஆனாலும் பணத்தை எடுக்கவில்லை.

முன்பொரு கடையில் சிலை ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, "எந்த ஆண்டுக்குப் பில் வேண்டும், சொல்லுங்கள்" என்றார்கள். பதறிப்போனேன். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியதும் பொய்க் காகிதங்களை நம்பித்தான். சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014இல் சிலை திரும்பி வந்தது.

பாவை விளக்கும் கோயிலுக்கு நேர்ந்து வைப்பதுதான். ஆகவே பீடத்தைத் துடைத்து, கோலமாவு தேய்த்து, எழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதனால் மட்டும் வீட்டுச் சொத்து என்று ஆகிவிடாதே.

"விளக்குக்கு ஏது தம்பி ஆதாரம்?" என்றார் வீட்டின் மூத்த அக்கா. நிலத்தின் ஆதாரங்கள், அதாவது பத்திரங்கள், கிடந்த தகரப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். 1956இல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேரும்வரை எழுதியவை, எல்லாம் மலையாளம். ஓய்வுபெற்ற ஆதாரம் எழுத்தர் ஒருவர் இரண்டு மாலை உட்கார்ந்து வாசித்தார். கொல்லம் ஆண்டு 1107, அதாவது 1931-32. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் கடைசித் தாளில் உருளி, கிண்டி என்ற பாத்திரங்களுக்கு நடுவே வந்தது அந்த வரி: அப்பூப்பன் (தாத்தா) காலத்துப் பாவவிளக்கு ஒன்று, வலது சுண்டுவிரல் இல்லாதது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவராலும் பிறகு இட்டுக்கட்ட முடியாத வரி அது.

நூறாண்டு கடந்த உலோகச் சிற்பத்தை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும்; கைமாறினால் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். முதலில் அவர்கள் பெயரிலேயே, புகைப்படங்களோடு விண்ணப்பிக்க வைத்தேன். மாதங்கள் ஓடின. பதிவுச் சான்று வந்த பிறகே விலை பேசினோம்.

வாரிசுகள் மூவரும் கையெழுத்துப் போட்ட அன்று அந்த வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மூத்த அக்கா பாவையின் கையைப் பற்றிக்கொண்டார்.

"நான் தள்ளிவிட்டுத்தான் விரல் போயிற்று என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே இல்லையே, தம்பி!"