ஒரு பவுண்டு அரிசியும் ஒரு பேய்க்கதையும்

திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் ஏறி இந்திரா நகரில் இறங்கினால் எங்கள் அலுவலகம். ஒன்பது மாதம் அந்த வழியில்தான் போய்வந்தேன். ஓர் இணையத் தொடருக்கான கதை விவாதம். நான் உதவி எழுத்தாளர், ஆய்வு வேலையும் என் தலையில். முதல் நாள் இயக்குநர் சொன்னது இவ்வளவுதான்: "பேய் வேணும்மா. ஆனா நிஜமா நடந்த ஒரு துயரத்துல இருந்து வரணும். 'த டெரர்' மாதிரி."

அந்தத் தொடரை அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த வாரமே உட்கார்ந்து பார்த்தேன். 2018இல் ஏஎம்சி என்ற அமெரிக்கச் சேனல் வெளியிட்ட முதல் சீசன், பத்து எபிசோடு. 1845 மே மாதம் சர் ஜான் பிராங்க்ளின் தலைமையில் எரபஸ், டெரர் என்று இரண்டு கப்பல்கள் ஆர்க்டிக் கடல்வழி தேடி இங்கிலாந்திலிருந்து கிளம்பின. அடுத்த ஆண்டு செப்டம்பரில் கிங் வில்லியம் தீவுக்குப் பக்கத்தில் பனி அவற்றைப் பிடித்துக்கொண்டது. 1847 ஜூனில் பிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில் மிச்சமிருந்தவர்கள் கப்பல்களைக் கைவிட்டு, படகுகளைத் தரையில் இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பனிக்குள் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இதெல்லாம் வரலாறு. டேன் சிம்மன்ஸ் எழுதிய நாவல் இதற்குள் டூன்பாக் என்ற ஒரு மிருகத்தைக் கொண்டுவந்தது. தொடரும் அதை வைத்துக்கொண்டது.

பார்க்கும்போது நோட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். யார் செத்தார்கள், எதனால் செத்தார்கள் என்று. மிருகம் அடித்தது ஒரு பக்கம்; நோய், பசி, சக மனிதன் கை, தவறான முடிவு எல்லாம் எதிர்ப்பக்கம். நாலைந்து எபிசோடிலேயே எனக்கு ஒன்று புரிந்தது. அந்த மிருகத்தைக் கதையிலிருந்து முழுசாக எடுத்துவிட்டாலும் 129 பேரும் சாவார்கள். நிஜத்தில் அப்படித்தானே செத்தார்கள். தொடரில் வருகிறவை இவை: திரும்பிப் போகலாம் என்று சொன்னவரின் பேச்சைக் கேட்காத தலைவர், சரியாக அடைக்கப்படாத தகர டப்பா உணவு, அந்த மண்ணில் காலங்காலமாக வாழ்கிற இனுயிட் மக்களிடம் எதையும் கற்றுக்கொள்ளாத திமிர். இவற்றில் ஒன்றின் பழியையும் தொடர் மிருகத்தின் மேல் போடவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

1854இல் ஜான் ரே என்பவர் இனுயிட் மக்கள் சொன்னதைக் கேட்டு இங்கிலாந்துக்குத் தெரிவித்தார்: கடைசியில் அவர்கள் ஒருவரை ஒருவர் தின்றார்கள் என்று. சார்லஸ் டிக்கன்ஸ் அதை நம்ப மறுத்து, அந்த மக்களை இழிவாகப் பேசி எழுதினார். பின்னாளில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுகள் இருந்தன. கப்பல்கள் இரண்டும் 2014இலும் 2016இலும் கடலடியில் கிடைத்தன, அதற்கும் அந்த மக்களின் வாய்மொழிதான் பெரிய துணை. வாய்மொழியை யார் நம்புவது, யார் தள்ளுவது என்ற கேள்வி அப்போதே எனக்குள் விழுந்துவிட்டது.

சரி, நம் கதைக்கு எந்தத் துயரம்? 1964 தனுஷ்கோடி புயல் பேச்சில் வந்தது, இரண்டு நாளில் போனது. நான் 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தைச் சொன்னேன். காரணம் என் ரயில்தான். அடையாற்றைத் தாண்டும்வரை நான் பயணம் செய்யும் தூண்களுக்குக் கீழே பக்கிங்ஹாம் கால்வாய் கறுப்பாக நிற்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்த எட்டுக் கிலோமீட்டர் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியோடு நகரத்துக்கு வந்தவர்கள் வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன், அதனால் அவர் பெயர். வெட்டியவர்களில் ஒருவர் பெயரையும் நான் எங்கும் பார்த்ததில்லை.

இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. ஒரே வாரத்தில் ஒன்லைன் தயார்: கால்வாயிலிருந்து பஞ்சத்துப் பேய்கள் எழுந்து வருகின்றன, கடைசி ரயிலில் வருகிறவர்களைக் கொல்கின்றன. எபிசோடுக்கு ஒரு சாவு. அறையில் எல்லோருக்கும் உற்சாகம். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்தது. பட்டினி போட்டுச் சாகவிட்டவர்களையே கொலைகாரர்களாகக் காட்டப்போகிறோமா?

வாயால் சொன்னால் நிற்காது என்று எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் நடந்தேன். வில்லியம் டிக்பி 1878இல் இந்தப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதியிருக்கிறார். படித்துவிட்டு வந்து அறையில் சொன்னேன். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் நடத்தினார், இங்கே கஞ்சித் தொட்டி வாசலில் கூட்டம் நின்ற காலம் அது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், கூடக் கொஞ்சம் காசு, அது போதும் என்று வைத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், அதில் மனிதன் உயிர் வாழ முடியாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்துத்தான் அளவு கூட்டப்பட்டது. பஞ்சம் முடிவதற்குள் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள்.

"ஒரு பவுண்டுன்னா எவ்வளவு?" என்றார் இயக்குநர். சுமார் 450 கிராம். அன்று மதியம் அலுவலகச் சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்து மேசைமேல் கொட்டினேன். பார்த்தால் குறைவாகத் தெரியவில்லை. "இவ்வளவு இருக்கே!" என்றார் ஒருவர். எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் பருப்பு கிடையாது, காய் கிடையாது, எண்ணெய் கிடையாது. வேலைத்தளத்துக்கு மைல்கணக்கில் நடக்கணும், நாள் முழுக்க மண் வெட்டணும், முன்பே பல மாதம் பட்டினி கிடந்த உடம்பு. காகிதத்தில் போதுமானதாகத் தெரிந்த ஒரு எண் ஆளை மெல்ல மெல்லக் கொன்றது. எங்கள் கதையின் பயம் இதில் இருக்கிறது, தண்ணீருக்குள்ளிருந்து வரும் கையில் இல்லை என்று சொன்னேன். அந்த அரிசிக் குவியலை யாரும் உடனே அள்ளவில்லை. சாயங்காலம்வரை மேசையிலேயே கிடந்தது.

அடுத்தது படங்கள். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி அந்தப் பஞ்சத்தில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. எலும்பும் தோலுமாகக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து எடுத்தவை. கலை இயக்கக் குழு அவற்றைப் பெரிதாக அச்செடுத்து, 'பேய் மேக்கப்' என்று எழுதிப் பலகையில் குத்திவைத்தது. ஒப்பனைக்காக வடபழனியிலிருந்து ஓர் அண்ணன் வந்தார், முப்பது வருஷ அனுபவம். படங்களை வெகுநேரம் பார்த்தார். "விலா எலும்பு தெரியணும்னா நாங்க நிழல் போடுவோம்மா. இவங்களுக்கு நிழலே தேவைப்படலை" என்றார். அப்புறம் படத்தில் ஒரு பெண்ணின் மடியிலிருந்த குழந்தையைக் காட்டி, "இதுக்கு நான் மேக்கப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்றைக்கே அந்தப் படங்களைப் பலகையிலிருந்து எடுத்தேன். இயக்குநர் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

'த டெரர்' இரண்டாவது சீசனைப் பற்றி அப்போதுதான் பேசினோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் நாட்டு ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்த கதை. அதில் நடித்து, ஆலோசகராகவும் இருந்த ஜார்ஜ் டகேய் ஐந்து வயதில் அந்த முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். முகாம் எப்படி இருந்தது என்று கேட்க அவர்களுக்கு ஆள் இருந்தார். பிராங்க்ளின் கப்பல்களுக்கோ ஊழியர் பட்டியல் இருக்கிறது, 129 பேரின் பெயரும் பதவியும் தெரியும். நமக்குக் கேட்க யார் இருக்கிறார்கள்? பஞ்சக் கும்மிப் பாடல்கள் இருக்கின்றன. பஞ்சத்தில் பிள்ளைகள் ஏழையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த நல்லதங்காள் கதை அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. அவளுக்கு வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயிலும் உண்டு. அந்தக் கதையில் அவள் பழிவாங்கும் பேயாக வருவதில்லை, தெய்வமாக உட்கார்ந்திருக்கிறாள். பசித்தவளுக்குச் சோறு போடாத அவள் அண்ணி மூளி அலங்காரியைத்தான் நம் ஜனங்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். குற்றவாளி யார் என்பதில் நம் பாட்டிகளுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

மூன்றாவது வடிவத்தில் எங்கள் பேய் யாரையும் கொல்லவில்லை. கையில் மண்சட்டியோடு ஒரு பெண் தினமும் இரவு வருகிறாள். கஞ்சித் தொட்டி இருந்த இடத்தில் வரிசையில் நிற்கிறாள், அவ்வளவுதான். அவளைப் பார்த்தவர்கள் தங்கள் காலத்தில் யார் யாரைப் பட்டினி போட்டார்கள் என்பது கதை. "ஜனம் பயப்படுமாம்மா?" என்று இயக்குநர் பலமுறை கேட்டார். பயப்படும் சார் என்றேன். எனக்கு அவளை எழுதும்போது பயமாகத்தான் இருந்தது.

எல்லாக் காகிதத்திலும் அவள் 'ஆவி' என்றே இருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் பூர்வீகம் சேலம் பக்கம், பஞ்சம் கடுமையாக அடித்த ஜில்லா. கஞ்சித்தண்ணியைக் கீழே கொட்டினால் எங்கள் அப்பாயி, "தாது வருசத்துல வேலித்தழைய வதக்கித் தின்னவங்க வயித்துல வந்தவ நீ" என்று அடிக்க வருவாள். அப்பாவுக்குப் போன் போட்டு, நம் குடும்பத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் பெயர் தெரியுமா என்று கேட்டேன். தன் அப்பாயி பெயர் பாவாயி, அதற்கு மேலே யார் என்று தெரியாது என்றார். எங்கள் வீட்டு ஞாபகமும் சரியாக அந்த இடத்தில் அறுந்து நிற்கிறது. பாவாயி என்றே வைத்தேன்.

தயாரிப்பு நிறுவனத்தின் பதிலுக்காக இப்போது காத்திருக்கிறோம். ஏழு எபிசோடு எழுதியாகிவிட்டது. பெயரை எதற்குக் கேட்டேன் என்று அப்பாவிடம் பிறகு விவரமாகச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "கடைசியிலயாவது அவளுக்குச் சோறு போடுவீங்களா?"

எட்டாவது எபிசோடு இன்னும் எழுதவில்லை.