மீண்டெழும் வலிமை எங்கிருந்து வருகிறது?

துயரத்தில் இருப்பவரிடம் "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்தச் சொற்களில் அன்பு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், தைரியத்தை ஒருவர் தனக்குள்ளிருந்தே, தனியாகவே தேடி எடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அவற்றோடு சேர்ந்தே வருகிறது. வேலையை இழந்தவரோ நெருங்கிய உறவைப் பறிகொடுத்தவரோ, அந்த இழப்புக்காக வருந்துவது போதாதென்று, தான் இன்னும் தேறவில்லையே என்பதற்காகவும் தன்னை நொந்துகொள்ள நேர்கிறது. இது அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, ஓயாத குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் என்று பல இடர்கள் ஒருசேர அழுத்திய சூழலில் வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், திறமையும் தன்னம்பிக்கையும் பிறர்மீது அக்கறையும் கொண்டவர்களாக வளர்ந்தார்கள். பிறவிக் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு. என்றாலும், தாத்தா பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, அந்தப் பிள்ளையைக் கைவிடாத பெரியவர் ஒருவராவது பெரும்பாலும் அவர்களுக்கு வாய்த்திருந்தார். பதின்பருவத்தில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிலைபெற்றுவிட்டார்கள் என்பது, காலம் கடந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி.

ஆகவே, உதவி கேட்பதைப் பலவீனம் என்று கருதுவதை விட்டுவிட வேண்டும். கேட்கும்போது குறிப்பாகக் கேட்பது நல்லது: "நாளை மருத்துவரிடம் என்னுடன் வர முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எவருக்கும் எளிது.

இன்னொரு ஆராய்ச்சி, மனம் சோர்ந்து முடங்குவதைப் பற்றிய என் பார்வையையே மாற்றியது. தப்ப வழியில்லாத துன்பத்தைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கும் விலங்குகள், பின்னர் வழி திறந்திருந்தாலும் முயலாமல் கிடப்பதை உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார்கள். இயலாமை கற்றுக்கொள்ளப்படுகிறது என்பதே அப்போது அவர்கள் கண்ட முடிவு. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், 2016இல், மூளையைப் பற்றிய புதிய சான்றுகளைக் கொண்டு அந்த முடிவை அவர்களே திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் செயலற்றுப் போவதுதான் உடலின் இயல்பான எதிர்வினை. நம் செயலால் ஏதேனும் மாறுகிறது என்பதை மூளையின் முன்பகுதி உணரும்போதுதான் அந்த முடக்கம் தணிகிறது. கற்றுக்கொள்ளப்படுவது இந்த உணர்வே.

முடங்கிக் கிடப்பவர் தோற்றவரல்லர் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. அவருக்குத் தேவைப்படுவது பெரிய சபதமன்று. தன் கையால் முடியக்கூடிய, பலன் கண்ணுக்குத் தெரியக்கூடிய சிறு செயல்கள். தள்ளிப்போட்ட ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவது, ஒரே ஒரு மேசையை ஒழுங்குபடுத்துவது, குறித்த நேரத்தில் எழுந்து சற்றுத் தூரம் நடப்பது ஆகியவை கடனை அடைக்காது, பிரிந்தவரை மீட்டுத் தராது. ஆனால், நான் செய்தேன், அது நடந்தது என்ற அனுபவத்தை அவை நாள்தோறும் தருகின்றன. உறக்கத்தைக் காப்பதும் மனதில் உள்ளதைத் தாளில் எழுதுவதும் பலருக்குத் துணைசெய்கின்றன.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனச்சோர்வு விலகாமல், உறக்கமும் பசியும் குலைந்து, எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், அது மருத்துவம் தேவைப்படும் நோயாக இருக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லி, அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.